உங்களுக்குத் தெரியுமா? பீஸ் கட்டையும் பால் பாத்திரமும்

சொந்த வீடு வாங்கியவர்களைப் பார்த்தால் நான் ஒன்று கேட்பது வழக்கம். "இது நம்ம வீடுன்னு எப்போ தோணுச்சு?" பத்திரம் பதிந்த அன்று என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது மட்டும்தான் நினைவிருக்கிறது என்பார்கள். ஒருவர், சுவரில் அடித்த முதல் ஆணியைச் சொன்னார். ஓர் அம்மா, அடுப்பு மேடையைத் தன் உயரத்துக்குத் தோதாக இரண்டு அங்குலம் குறைத்துக் கட்டச் சொன்னதைச் சொன்னார். எல்லாம் கையளவு சமாசாரம். கையளவு சாமான்களுக்குப் பேர் போன ஊர் விருத்தாசலம்: அகல், கொலு பொம்மை, பீஸ் கட்டை, எல்லாம் பீங்கானில். அதனால் இந்த முறை துணுக்குகள் அந்த ஊரைச் சுற்றி.

* * *

விருத்தாசலம் என்றால் முதிய மலை. பழைய பெயர்களான முதுகுன்றம், பழமலை இரண்டுக்கும் அதே பொருள்தான். ஆனால் ஜங்ஷனில் இறங்கி நாலு பக்கமும் பார்த்தால் மலை என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படாது. பீங்கானுக்கு மூலமான வெள்ளைக் களிமண்ணைக் 'கயோலின்' என்கிறார்களே, அதுவும் ஒரு மலையின் பெயர்தான். சீனத்தின் ஜிங்தெசென் பீங்கான் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள காவ்லிங் என்ற மேட்டிலிருந்து வந்தது. மண்ணின் பெயரிலும் மலை, ஊரின் பெயரிலும் மலை.

* * *

வீட்டுக்கடனுக்கு அலைகிறவர்கள் சுந்தரரை நினைத்துக்கொள்ளலாம். முதுகுன்றத்தில் அவருக்குக் கிடைத்தது 12,000 பொன். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது தலபுராணம். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று நாம் கேலியாகச் சொல்வது அவருக்குப் பலித்தது. ஒரு கிளையில் கட்டி இன்னொரு கிளையில் எடுக்கும் வசதி, கமிஷனும் கிடையாது. எடுத்த பொன் மாற்றுக் குறையவில்லை என்று உரசிப் பார்த்துச் சொல்ல ஒரு பிள்ளையாரும் இருந்தார்.

நமக்கு அமைவது வேறு கணக்கு. 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 17,995 ரூபாய். முதல் மாதம் கட்டுவதில் 15,000 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,995. பத்து வருஷம் ஒரு தவணை தவறாமல் கட்டிவிட்டு, பாதி தாண்டிவிட்டோம் என்று நிமிர்ந்தால் அசலில் 14 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். முதல் சில வருஷங்களில் கையில் வரும் போனஸையோ சீட்டுப் பணத்தையோ அசலில் போடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்குத்தான்.

* * *

அதே கோயிலில் இன்னொரு கதை. திருப்பணி செய்த விபசித்து முனிவர், சாயங்காலம் ஆனதும் வேலையாட்களுக்கு வன்னிமர இலையை அள்ளிக் கொடுப்பாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அது காசாக மாறுமாம். வேலை செய்யாமல் நிழலில் உட்கார்ந்தவன் கையில் இலை இலையாகவே இருக்கும். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் அருமை தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனார், சித்தாள், பெரியாள் என்று வரிசையாக நிற்க, மேஸ்திரி நோட்டைப் புரட்டும்போது எனக்கு ஒரு வன்னிமரம் இருந்தால் தேவலை என்று தோன்றியிருக்கிறது.

* * *

பேச்சில் 'வில்லங்கம் பிடித்தவன்' என்றால் வம்பன். வீடு வாங்கும்போதோ வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்கக் கூடாது. அந்தச் சொத்தின் மேல் அடமானம், பாகப் பிரிவினை, முன்பே நடந்த கிரயம் என்று பதிவானதெல்லாம் வில்லங்கச் சான்றில் வரிசையாக வரும். முதலில் எழுதப்பட்ட ஆவணத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் தாய்ப்பத்திரம். அரசாங்கக் காகிதங்களில் இவ்வளவு வாஞ்சையான பெயர் வேறெதற்கும் கிடையாது.

* * *

நூறு ரூபாய்க்கும் மேலான எந்த நிலத்தையும் வீட்டையும் பதிவு செய்துதான் விற்க வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அந்த நூறு ரூபாய் வரம்பு அப்படியே இருக்கிறது. நூறு ரூபாய்க்கு இன்று ஒரு கதவுக் கொண்டி வாங்கலாம்.

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்து, 2023-இல் 2 சதவீதமாகக் குறைந்தது. ஆக 30 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 2,70,000 ரூபாய். பலர் வீட்டு விலையை மட்டும் கணக்குப் போட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த இடத்தில்தான். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். வீட்டை அம்மா பெயரிலா மனைவி பெயரிலா பதிவது என்பது தனித் துணுக்கு. அதற்குள் நான் நுழையவில்லை.

* * *

ஒரு செண்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் 144 சதுர அடி கொண்டது ஒரு குழி. பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். மூன்று செண்ட் மனை வாங்கியவரிடம் எவ்வளவு இடம் என்று கேட்டால் செண்டில் சொல்வார். அவர் மாமனார் குழியில் கேட்பார். தரகர் சதுர அடியில் விலை சொல்வார். ஏறக்குறைய 1,307 சதுர அடி மண்ணுக்கு நாலு பாஷை.

* * *

வாஸ்து புருஷன் நம்மைவிடப் பெரிய தூங்குமூஞ்சி. வருஷத்தில் எட்டே நாள்தான் கண் விழிக்கிறார்: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. விழிப்பதும் மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதைப் பதினெட்டுப் பதினெட்டு நிமிஷமாகப் பிரித்து, பல் துலக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவார். சாப்பிடுகிற, வெற்றிலை போடுகிற கடைசி 36 நிமிஷம் பூமி பூஜைக்கு உகந்தது என்று காலண்டரில் போட்டிருக்கும். வயிறு நிறைந்தவரிடம் விண்ணப்பம் போடுவது நல்ல யோசனைதான்.

ஆடியில் வீட்டுக் காரியம் கூடாது என்கிறோம். அவரோ ஆடி 11 விழிக்கிறார். இதைக் கேட்டால் ஜோசியருக்கு ஜோசியர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்.

* * *

இனி பீஸ் கட்டை. இந்தத் துணுக்கு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஃபியூஸ்' என்று எழுதுகிறோம். வாயில் வருவது 'பீஸ்'. வெள்ளைப் பீங்கானில் இரண்டு துண்டு. அடிக்கட்டை பலகையில் திருகியிருக்கும். மேல்கட்டையைக் கையால் பிடுங்கிச் செருகலாம். மேல்கட்டையின் வயிற்றில் இரண்டு பித்தளைத் திருகு, நடுவே மயிரிழைபோல ஒரு கம்பி. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் கம்பி உருகி அறுந்துபோகும், வீடு தப்பும். கட்டை ஏன் பீங்கானில் இருக்க வேண்டும்? கம்பி உருகும் சூட்டை அது தாங்கும், மின்சாரத்தை விரலுக்குக் கடத்தாது, வருஷக்கணக்கானாலும் மக்காது. விருத்தாசலத்தின் சிறு பட்டறைகள் பீங்கானில் செய்தவற்றில் அகலும் பொம்மையும் கண்ணுக்கு அழகு. இந்தக் கட்டைதான் வீட்டுக்குக் காவல்.

தமிழ்ப் பேச்சுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. கரண்டு பில் கட்டாத வீட்டில் மின்வாரியத்து ஆள் வந்து என்ன செய்வார்? 'பீஸைப் பிடுங்கிட்டுப் போயிடுவார்.' பதவி போன அரசியல்வாதி 'பீஸ் போன பல்பு'. வாடகை வீட்டில் இருந்தவரை பீஸ் போனால் மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனரைக் கூப்பிட வேண்டும். அவர் டார்ச்சும் முகச்சுளிப்புமாக இறங்கி வருவார். "அயர்ன் பாக்ஸ் போட்டீங்களா?" என்பது முதல் கேள்வி. சொந்த வீட்டில் முதல் முறை பீஸ் போனபோது நானே மெயினை அணைத்து, கட்டையைப் பிடுங்கி, கருகின கம்பியை ஊதித் தள்ளி, புதுக் கம்பியைச் சுற்றித் திருகி, செருகி, மெயினைப் போட்டேன். விளக்கு எரிந்தது. என் மனைவி கைதட்டினாள். வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

இப்போது எல்லா வீட்டிலும் டிரிப்பர் வந்துவிட்டது. விரலால் தட்டிவிட்டால் ஆச்சு. எலெக்ட்ரிக்கல் கடையில் பழைய கட்டை ஒன்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் மேல் தட்டிலிருந்து தூசியோடு எடுத்து, வேட்டி முனையில் துடைத்துக் கொடுத்தார். "இதெல்லாம் யாரு தம்பி கேக்குறா இப்ப? எதுக்கு?" "சும்மாதாங்கய்யா, மேஜை மேல வைக்க." ஒரு மாதிரி பார்த்தார். காசு வாங்கிக்கொண்டார்.

* * *

பீங்கான் என்பது நம் சொல் மாதிரியே ஒலிக்கிறது. பாரசீகப் 'பிங்கான்' அது. மலாயில் 'பிங்கான்' என்றால் சாப்பாட்டுத் தட்டு. அதேபோல வீட்டின் சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றவை. கொல்லைப்புறத்துக் 'கக்கூஸ்' டச்சுக்காரர்களுடையது. கதவும் தாழ்ப்பாளும் தமிழ்.

* * *

கக்கூஸ் என்று வந்தாயிற்று. அதையும் பார்த்துவிடுவோம். புது வீட்டில் ஆளாளுக்கு யோசனை சொல்லும் இடம் அதுதான்.

வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், வெங்கச்சங்கல் மூன்றையும் தண்ணீரோடு உருளையில் போட்டு நாள் முழுக்க அரைத்தால் பால்கூழ் மாதிரி ஒரு குழம்பு கிடைக்கும். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் தோசை வார்த்தது போல மண் ஓர் ஆடை கட்டும். ஆடை போதிய கனத்துக்கு வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். காய வைத்து, மெருகுப்பூச்சு கொடுத்து, ஏறக்குறைய 1,200 டிகிரி சூட்டில் சுட்டால் பளபளவென்று வரும். சூளைக்குப் போன உருப்படி போனபடியே திரும்பி வராது. காய்ந்தும் வெந்தும் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் அச்சு எப்போதும் பொருளைவிடப் பெரிது. சுருக்கம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் கோணல். வாஷ்பேசினைக் கடையில் கவிழ்த்து வைத்து ஆட்டிப் பார்க்கச் சொல்வது அதற்குத்தான். விரல் கணுவால் தட்டினால் 'ணங்' என்று கணீரென ஒலிக்க வேண்டும். 'டொப்' என்றால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல்.

இந்த வெள்ளைச் சாமானில் கடலூர்ப் பக்கத்துக்குப் பங்கு உண்டு. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. வள்ளலார் 1872-இல் சத்திய ஞான சபை எழுப்பிய வடலூரில்தான் 'நெய்செர்' சானிட்டரி சாமான்கள் உற்பத்தியாயின. முன்னாளில் அந்த நிறுவனத்தின் பெயர் நெய்வேலி செராமிக்ஸ் அண்ட் ரிஃப்ராக்டரீஸ். இன்னொரு பெரிய பெயரான பாரிவேர், ராணிப்பேட்டையில் பிறந்தது. விருத்தாசலத்திலோ செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக்குக்கென்றே டிப்ளமோ படிப்பு நடத்தும் அரசு நிலையமும் உண்டு. களிமண்ணாவது படிப்பாவது என்று நினைக்கிறவர்கள் அந்த மூன்று வருஷப் பாடத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கீழே வாத்துக் கழுத்துப் போல வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நாற்றத்தை மேலே விடாமல் மறிக்கிறதே, அந்த வளைவுக்கு 1775-இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் தொழில் என்ன தெரியுமா? கடிகாரம் செய்வது.

கால் வைக்கும் மேடையோடு சேர்த்தே வார்த்த நம்மூர் மாடலுக்குக் கடையில் பெயர் 'ஒரிசா பேன்'. முழங்கால் நன்றாக இருக்கும்வரை அது, பிறகு கம்மோடு. முப்பது வயதில் வீடு கட்டுகிறவர், அம்மாவுக்கும் அறுபது வயதில் தமக்கும் சேர்த்து இரண்டு மாடலிலும் ஒவ்வொன்று போட்டுவிடுவது உத்தமம்.

* * *

கொத்தனார் வாயில் 'வாட்டம்' என்றால் சோர்வு இல்லை, சரிவு. குளியலறைத் தரை வடிகாலைப் பார்த்து வாட்டமாக இருக்க வேண்டும். மற்ற தரையெல்லாம் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் அன்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டுப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. என் குளியலறையின் வடக்கு மூலையில் இன்றும் ஓர் உள்ளங்கைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒட்டியவரிடம் கேட்டேன். "ஈசானியத்துல தண்ணி நின்னா ஐஸ்வரியம் சார்" என்றார். அது ஈசானியமும் இல்லை.

* * *

ஒட்டியது போக உடைந்து மிஞ்சிய வெள்ளை டைல்ஸைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள். மொட்டை மாடியில் சில்லு சில்லாகப் பதித்துவிட்டால் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கீழ் அறையில் சூடு இறங்குவது குறையும். செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு அடித்த பழைய தட்டோடு மாடிக்கு இது பேரன் முறை. கால் கிழியாமல் இருக்க விளிம்புகளைச் சாந்தில் நன்றாகப் புதைக்க வேண்டும்.

* * *

எழுத்தாளர் புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர் சொ. விருத்தாசலம். 1906-இல் அவர் பிறந்தது இந்த ஊரில் அல்ல, இதே கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில்.

* * *

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி. அரசு தருவது 3.50 லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று 2024-இல் அறிவித்தார்கள். 360 சதுர அடி என்றால் மேலே சொன்ன கணக்கில் இரண்டரைக் குழி. ஓலைக் கூரையின் கீழ் மழை இரவுகளில் பாத்திரத்தை இடம் மாற்றி வைத்து வளர்ந்தவர்களிடம் அந்த இரண்டரைக் குழி சின்னது என்று சொல்லிப் பாருங்கள்.

* * *

புதுமனை புகுவிழாவுக்கு வருகிறவர்களில் நாலு பேராவது சுவர்க் கடிகாரம் கொண்டுவருவார்கள். எங்களுக்கு வந்தவை ஏழு. கூடத்தில் ஒன்று, அறைக்கு ஒன்று என்று மாட்டியும் மிஞ்சியவை அடுத்தடுத்த கிரகப்பிரவேசங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று மூன்றாவது வீட்டில் எங்களையே பார்த்துச் சிரித்தது.

* * *

புது வீட்டுக்குள் முதலில் போகும் சாமான்களில் உப்பும் மஞ்சளும் உண்டு. உப்புக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் ஜாடி ஏன் என்றால், மேல்பூச்சு கண்ணாடியாக உருகி ஒட்டியிருப்பதால் புளிப்பும் உப்பும் அதை அரிக்காது. ஈரமும் உள்ளே ஏறாது. எவர்சில்வர் டப்பாவில் போட்ட ஆவக்காயும் ஜாடியில் போட்டதும் ஒன்றா என்று என் பாட்டியிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கமாட்டாள், கேட்டவனைப் பார்த்திருப்பாள்.

* * *

வாடகை வீட்டு ஒப்பந்தங்களில் எழுதாமலே அமலில் இருந்த ஷரத்து, 'ஆணி அடிக்கக் கூடாது'. சொந்த வீட்டில் அடிக்கலாம். ஆனால் அடிக்க மனசு வராது. கூடத்துச் சுவர் பெயின்ட் கலையாமல் எட்டு மாதம் மொட்டையாக நின்றது. கடைசியில் அப்பாவின் படத்துக்காக அடித்தேன். அடித்தபோது காரை பொரிந்து ஒரு ரூபாய் அளவு பள்ளம். படம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

* * *

மண் அகலை ஏற்றும் முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்காவிட்டால் பாதி எண்ணெயை அதுவே குடித்துவிடும். மெருகிட்ட பீங்கான் அகல் குடிக்காது. துடைத்து வைத்தால் அடுத்த வருஷமும் ஆகும். கார்த்திகை நெருங்கினால் விருத்தாசலத்துச் சூளைகளுக்கு அகல்தான் வேலை. குடிபோன முதல் கார்த்திகைக்கு நாங்கள் இரண்டு டஜன் வாங்கினோம். வாடகை வீட்டில் வாசற்படிக்கு இரண்டு என்று பழகிய கை. இங்கே எங்கெங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாசல், மாடிப்படி, கிணறு இல்லாததால் மோட்டார் மேடை, துளசி, மதில் மேல் வரிசை. கடைசியாக ஒன்று கையில் மிஞ்சியது. மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு வந்தாள் என் மனைவி.